நாற்பத்தோராவது குழாய்

குடியிருப்பில் அவளை எல்லோரும் ‘செடி டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் செடிகளின் மரபணுவை ஆராய்கிறேன் என்று லிஃப்டில் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே வாடிய ரோஜாத் தொட்டி ஒன்று அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் பூச்சி அரித்த மிளகாய்ச் செடி. அவளுக்கோ ஒரு மணிபிளான்டைக்கூட ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்கத் தெரியாது. அவள் வேலையெல்லாம் கம்ப்யூட்டரோடு சரி.

“செடிக்கு ஜோசியம் பார்க்கிறா” என்று அவளுடைய அக்கா ஒரே வரியில் சொல்லிவிடுவாள். அது அப்படியொன்றும் தப்பான விளக்கமில்லை. கடுகு விதை முளைத்துப் பத்து நாள் ஆனதும் ஒரு பொட்டு இலையைக் கிள்ளி, அதிலுள்ள மரபணு எழுத்துகளை இயந்திரத்தில் படிக்கக் கொடுப்பார்கள். அந்த எழுத்துகளை வைத்து, இந்தச் செடி எவ்வளவு உயரம் வளரும், எந்த நாளில் எந்தப் பக்கம் சாயும், எந்த நாளில் இலை உதிர்க்கும், எப்போது வாடும், எப்போது காயும் என்று முன்கூட்டியே சொல்கிற நிரல் ஒன்றைப் பேராசிரியர் பத்து வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். அதைச் சரிபார்த்து ஓட்டுவதற்குத்தான் அந்தப் பதவி.

பதவி என்றாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது ஆள் இவள். முதல் ஆள் வெளிநாடு போய்விட்டான். இரண்டாவதாக இருந்த பெண் ஒருநாள் மத்தியானம் எழுந்து போனவள்தான். குடையைக்கூட எடுத்துப்போக வரவில்லை. அது இன்னமும் பேராசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

“நாப்பது செடி. நிரல் சொன்னதும் செடி செஞ்சதும் பொருந்திடுச்சுன்னா உங்களுக்கு அஞ்சு வருஷம் நீட்டிப்பு. இல்லைன்னா எனக்கே நீட்டிப்பு இருக்கான்னு தெரியாது” என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஐந்து வருடம் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. பத்தொன்பது வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்த அக்கா, தங்கையைப் படிக்கவைத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் அக்கா ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவாள்; பேச்செடுத்தவர் போகும்வரை அந்த நூல் ஊசிக்குள் நுழையாது. நீட்டிப்பு வந்த அன்றைக்கு அந்த மெஷினைத் தூக்கி எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தங்கை மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். எதிர்வீட்டுக்காரிக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாதது எது?

விதைத்த பத்தாம் நாள் இலை கிள்ளினார்கள். கண்ணாடிக்கூடத்தில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரம்மா கிள்ளிக் கொடுக்க, குளிரறையில் இவள் குழாய்களில் போட்டு மூடினாள். நாற்பது செடிக்கு நாற்பது குழாய். நாற்பத்தோராவது வெற்றுக் குழாய். அதில் இலை போடமாட்டார்கள். வெறும் சுத்தத் தண்ணீர்தான். இயந்திரம் அதைப் படித்தால் ஒன்றுமே வரக்கூடாது. ஏதாவது வந்தால் எங்கேயோ அழுக்குப் பட்டுவிட்டது என்று அர்த்தம், நாற்பதையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தத் துறையில் இது தெரியாதவர் கிடையாது. வெற்றுக் குழாய்க்குத் தண்ணீர் நிரப்புவது தோட்டக்காரம்மாவின் வேலை. அந்த ஆய்வகத்தில் எழுதிவைக்காத வழக்கம் அது.

இருபத்தைந்தாம் நாள் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவசரத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். நிரலுக்குக் கொடுக்கும் பட்டியலிலிருந்து வெற்றுக் குழாயை நீக்க மறந்துவிட்டாள். நாற்பது வரி வரவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று வந்தது.

கடைசி வரி காலியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐந்து கட்டத்திலும் எண்கள் இருந்தன.

உயரம், 151 சென்டிமீட்டர். சாய்வு, முப்பத்தெட்டாம் நாள், இடப்பக்கம். உதிர்வு, அறுபதாம் நாள். வாட்டம், தொண்ணூற்றேழாம் நாள். ஐந்தாவது கட்டத்தில் காயும் நாள்.

கடுகுச் செடி எதற்கும் உயரம் நூற்றிருபதைத் தாண்டவில்லை. அவள் அந்தக் குழாயின் எழுத்துகளை மட்டும் பிரித்துப் பார்த்தாள். செடியினுடையது ஒன்றுகூட இல்லை. எல்லாம் மனித எழுத்துகள். இன்னும் கொஞ்சம் தோண்டினாள். ஒரே ஆளுடையது. பெண்.

முதல் வேலையாகத் தன் உயரத்தை நினைத்துப் பார்த்தாள். நூற்று எழுபது. அக்கா ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று கூப்பிடுகிற உயரம். அப்பாடா என்று மூச்சு விட்டாள். பேராசிரியர் ஆண், அவரும் இல்லை. அந்த நாளில் அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பெண் தோட்டக்காரம்மா. குள்ளம். தண்ணீர் நிரப்புகிறவளும் அவள்தான். விஷயம் முடிந்தது.

கடுகுக்காக எழுதிய நிரலில் மனிதனைப் போட்டால் குப்பைதான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ‘வெற்றுக் குழாய்: சுத்தம்’ என்று அறிக்கையில் எழுதினாள். பேராசிரியர் பார்த்துவிட்டு, “நாப்பதும் வந்துடுச்சா? பேஷ்” என்றார்.

ஐந்து எண்களையும் அவள் எங்கேயும் குறித்துவைக்கவில்லை. தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் அவை வரிசையாக வந்து நின்றன.

அதற்குப் பிறகு செடிகள் பொருந்த ஆரம்பித்தன. ஏழாவது செடி முப்பத்துமூன்றாம் நாள் வலப்பக்கம் சாயும் என்றது நிரல், சாய்ந்தது. இருபத்திரண்டாவது முப்பத்தாறாம் நாள் என்றது. அன்று காலை நேராக நின்றிருந்த தண்டு, பத்து மணிக்கு யாரோ காதில் ரகசியம் சொன்னதுபோல் மெதுவாகத் தலைசாய்த்தது. பேராசிரியர் கண்ணாடிக்கூடத்திலேயே ஒரு குட்டி நடனம் போட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, முப்பத்தெட்டுக்கு இன்னும் இரண்டு நாள் என்று எண்ணினாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலை தோட்டக்காரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஒருக்களித்தபடி வந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“தொட்டியத் தூக்கினேன், பிடிச்சுக்கிச்சு. ஏன் டாக்டரம்மா, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கறீங்க?”

“இல்ல... இடது பக்கமா சாயறீங்க.”

“வலிக்கிற பக்கம்தானே சாய முடியும்? உங்களைக் கேட்டுட்டு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணணுமா?”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரி தன் ஜன்னல் திரையைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவோடு மல்லுக்கு நின்றிருந்தாள். அடித்த தையல் ஒரு முனையிலிருந்து இடப்பக்கமாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. “இருபத்தெட்டு வருஷமா தைக்கிறே, இன்னைக்கு என்ன கோணல்?” என்றாள். அக்கா, “உன் ஜன்னல்தான் கோணல்” என்றாள். செடி டாக்டர் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் தலையில் தோட்டக்காரம்மா மட்டுமே சாய்ந்துகொண்டிருந்தாள்.

அறுபதாம் நாள் தோட்டக்காரம்மா தலைமுடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். “கொத்துக் கொத்தா கொட்டுது. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றாள் சாதாரணமாக. மூன்றாவது எண்ணும் பொருந்திவிட்டது என்று செடி டாக்டர் கணக்குப் போட்டாள். அதே வாரம் வீட்டில் குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் அடைத்துக்கொண்டது. பிளம்பர் குழாயிலிருந்து ஒரு பந்து முடியை உருவி எடுத்து, “ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இது அதிகம்மா” என்றான். அக்கா, “தண்ணி சரியில்லப்பா” என்று சொல்லி அனுப்பிவைத்தாள். எதிர்வீட்டுக்காரி அந்தப் பந்தைப் பார்த்தாள். குடியிருப்பு முழுக்க அளவு சொன்னாள். செடி டாக்டர் ஒருத்திதான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அறுபதுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில் அவள் தோட்டக்காரம்மாவுக்குச் செய்த பணிவிடைகளைப் பார்த்துப் பல்கலைக்கழகமே மூக்கில் விரல் வைத்தது. தொட்டிகளை இவள் தூக்கினாள். ஏணியில் இவள் ஏறினாள். தினமும் பழம் வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் கையோடு கூட்டிப்போய் உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்துவைத்தாள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுவிட்டார்.

“என்ன டாக்டரம்மா, என்னைத் தத்து எடுத்துக்கப் போறீங்களா?” என்று தோட்டக்காரம்மா கேட்டாள். “இல்ல, எதுவும் தப்புக் கிப்புப் பண்ணிட்டீங்களா?”

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால் வெற்றுக் குழாய் சுத்தமில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது செடியும் குப்பைக்குப் போகும், ஐந்து வருடமும் போகும், அக்கா மெஷினிலேயே உட்கார்ந்திருப்பாள். சொல்லாவிட்டால் ஒரு பொம்பளை தனக்கு வரப்போவது தெரியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். அவள் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனாள். அக்கா சாப்பாடு வைத்தபடி, “உன் செடியெல்லாம் சொன்ன பேச்சுக் கேக்குதா?” என்பாள். “கேக்குதுக்கா” என்பாள் இவள். “நீ எப்பக் கேக்கப் போறே? தட்டுல இருக்கறதச் சாப்பிடு.”

தொண்ணூற்றேழாம் நாள் விடிந்தது.

கண்ணாடிக்கூடத்தில் வெயில் பளீரென்று அடித்தது. தோட்டக்காரம்மா வாளியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். செடி டாக்டர் ஒரு அடி பின்னால் போனாள். வாளியை வைத்தால் இவளும் நின்றாள். குனிந்தால் இவள் இரண்டு கையையும் நீட்டினாள். பதினோராவது செடியின் இலைகள் அப்போதுதான் மெல்லத் தொய்ந்துகொண்டிருந்தன. அதற்கும் இன்றைய தேதிதான் போட்டிருந்தது.

“இப்ப நீங்க சொல்றீங்களா, இல்ல இந்த வாளியத் தலையில கவுக்கட்டுமா?” என்றாள் தோட்டக்காரம்மா.

சொல்லிவிட்டாள். குழாய், மனித எழுத்துகள், அழித்த வரி, சாய்வு, உதிர்வு, இன்றைய தேதி எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. சொல்லி முடித்ததும் அழுகையும் வந்தது.

தோட்டக்காரம்மா வாளியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் பதினோராவது செடியையே பார்த்தாள். பிறகு ஒரு மாதிரி சிரித்தாள்.

“எழவு, ஒரு மாசத்துக்கு மேல எனக்குப் பழம் ஊட்டினது இதுக்குத்தானா? நான் அந்தக் குழாயத் தொடவே இல்லையே.”

“தண்ணி நிரப்பறது நீங்கதானே?”

“எப்பவும் நான்தான். அன்னைக்கு நான் உள்ளயே வரல. சளி பிடிச்சிருந்துச்சு, அந்தக் குளிர்ல நின்னா செத்துருவேன்னு இலையக் கதவுகிட்டயே கொடுத்துட்டேன். கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டு நின்னேன். நாப்பதையும் முடிச்ச கையோட நீங்களே அந்தக் கடைசிக் குழாயிலயும் தண்ணி விட்டு மூடினீங்க. கை அதுபாட்டுக்குப் போச்சு, உங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

“நான் கையுறை போட்டிருந்தேன். முகமூடி, தலைக்கு உறை, எல்லாம் போட்டிருந்தேன்.”

“போட்டிருந்தீங்க. மேல ஒரு சாம்பல் கலர் ஸ்வெட்டரும் போட்டிருந்தீங்க. கை எட்டவே இல்ல, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல நின்னுச்சு. அதை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்தீங்க, குழாய்க்கு மேலயே. யாரோடதுடா இதுன்னு அன்னைக்கே நினைச்சேன்.”

இலை கிள்ளிய அன்று காலை குளிராக இருந்தது. வாசற்கொக்கியில் தொங்கியதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள். அக்கா தானே பின்னி, ஆறு வருடமாகத் தினமும் போட்டுக்கொள்கிற ஸ்வெட்டர். அக்காவின் உச்சந்தலை அவள் தாடையைத்தான் எட்டும்.

கோணலாக இறங்கிய திரைச்சீலை அப்போதுதான் அவள் மனக்கண்ணில் பட்டது. குளியலறைக் குழாயும் முடிப்பந்தும் பட்டன. சோபாவில் இரண்டு மாதமாக இடப்பக்கம் தலையணை அண்டக்கொடுத்து உட்காருகிற அக்காவும் பட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். ஏழு முறை அடித்தது.

“என்னடி?” என்றது அக்காவின் குரல். தூரத்திலிருந்து, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. “நூல்... கோக்க மாட்டேங்குது. ஊசி... கையில இருக்கா, கீழ விழுந்துடுச்சா தெரியல.”

அவள் அடுத்ததாக எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். “அக்காவைப் பாருங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க” என்று முடிப்பதற்குள் எதிர்முனையில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி எந்நேரமும் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாள் என்று குடியிருப்பில் கேலி பேசுவார்கள். அன்றைக்குப் பிறகு யாரும் பேசவில்லை.

தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. உரிய நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். உயிர் நின்றது, பேச்சும் நான்கு நாளில் திரும்பியது. இடது கை மட்டும் வரவில்லை. போர்வைக்கு மேல் அது கிடந்த விதம் செடி டாக்டருக்குப் பழக்கமானதாக இருந்தது. தண்டு நிற்கும், இலை மட்டும் தொய்ந்துபோய்த் தொங்கும். வாட்டம் என்று அவர்கள் பட்டியலில் எழுதுவது அதைத்தான்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் அவள் பேராசிரியர் அறைக்குப் போனாள். அழித்த வரியைத் திரும்பச் சேர்த்து அச்சடித்து அவர் மேசையில் வைத்தாள். கடைசிக் கட்டத்தை மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் தாளையே பார்த்தார்.

“நாலும் பொருந்துச்சா?”

“நாலும், சார்.”

“தேதி மாறாம?”

“மாறாம.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னாலிருந்த குடை லேசாக ஆடியது. “முன்னாடி இருந்த பொண்ணும் ஒரு வரியை அழிச்சுட்டுத்தான் போனா. நான் ஏன்னு கேட்கல” என்றார். “வெற்றுக் குழாய் கெட்டுப்போன தொகுப்பை நான் வெளியிட முடியாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும், சார்.”

“நீட்டிப்பும் கொடுக்க முடியாது.”

“அதுவும் தெரியும்.”

அவள் வாசல்வரை போனபிறகு கூப்பிட்டார். “இந்தக் கறுப்பு அடிச்சிருக்கிற கட்டத்துல...”

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இப்போது அவள் வீட்டிலிருந்தே ஏதோ ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தையல் மெஷின் கடைசியில் எதிர்வீட்டுக்காரிக்கே போய்ச் சேர்ந்தது. யாரும் நினைத்த விதத்தில் அல்ல. அந்தச் சாம்பல் ஸ்வெட்டரை மூன்று முறை துவைத்துப் பையில் கட்டி அலமாரிக்கு மேல் போட்டிருக்கிறாள். தங்கைக்குக் கை எட்டுகிற மாதிரி ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். ஒற்றைக் கையால் அவளால் பின்ன முடியாது. அவள் சொல்லச் சொல்ல, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செடி டாக்டரே தினமும் பின்னுகிறாள். கண்ணி தவறினால் அக்காவின் வலது கை மண்டையில் ஒரு தட்டுத் தட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டக்காரம்மா பழத்தோடு வந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரியும் டீ கொண்டுவருகிற சாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க நாற்காலிக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான்” என்றாள் தோட்டக்காரம்மா. “ஆனா வெற்றுக் குழாய யாரும் தொடக்கூடாதாம். ஒவ்வொரு தொகுப்புக்கும் சாரே வந்து நிரப்பறார். கையுறை போடறதில்ல. தண்ணிய உள்ளங்கையில விட்டு நல்லாத் தேய்ச்சு, அதைத்தான் குழாயில விடறார். அப்புறம் தனியா உட்கார்ந்து ஒரே ஒரு வரிய மட்டும் பார்க்கறார். ஒவ்வொரு தடவையும் ஒரே எண்தான் வருதாம். பையன் சொன்னான்.”

“பைத்தியமா அந்த மனுஷனுக்கு? அதையெல்லாம் யாராவது தெரிஞ்சுக்கணும்னு நினைப்பாங்களா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

பின்னல் ஊசிகள் மட்டும் டிக் டிக்கென்றன.

“ஏன்டி” என்றாள் அக்கா. “அந்தக் கடைசிக் கட்டத்துல எனக்கு என்ன போட்டிருந்துச்சு?”

“அதுலயா? காலியா இருந்துச்சுக்கா.”

“நெஜமா?”

“நெஜமாத்தான்.”

அந்த எண்ணை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியே கேட்டுப் பார்த்துத் தோற்றுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மடியில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

“இல்ல, இன்னும் ஒரு கை முழுசா பாக்கி இருக்கு. எப்போ முடிக்கணும்னு தெரிஞ்சா நல்லாயிருக்குமேன்னு கேட்டேன்.”

“அவசரமே இல்லக்கா” என்றாள் செடி டாக்டர்.

தலை நிமிரவில்லை. ஆனால் ஊசிகள் முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்ததை எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.